கலைச்சொல் விவாதம்: 'மறுதொடக்கம்' வேண்டாம், 'வழிப்புனைவு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய அறிபுனைத் (அறிவியல் புனைகதைத்) தொடர் ஒன்றைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு அடியிலிருந்து புதிதாக எடுப்பதை ஆங்கிலத்தில் ரீபூட் என்கிறார்கள். அதற்கு நேராக நம் சொற்பட்டியலில் 'மறுதொடக்கம்' என்று எழுதிவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய கதை வந்துவிட்டால் பழைய கதை செல்லாததாகிவிடுமா என்று அத்தொடர்களின் ரசிகர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். 'மறுதொடக்கம்' என்ற சொல்லைப் பட்டியலில் ஏற்றினால், அந்த வாதத்தில் ஒரு தரப்புக்கு நாமே தீர்ப்பெழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

கணினியை மறுதொடக்கம் செய்தாலும் வட்டில் சேமித்த கோப்புகள் அப்படியே இருக்கும், ஆகவே அந்தச் சொல்லில் அழிவுப் பொருள் இல்லை என்று ஒரு நண்பர் விளக்கியிருந்தார். கோப்புகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் மறுதொடக்கம் என்னும்போது இயந்திரம் ஒன்றே என்பதும், அதில் பழைய ஓட்டம் நின்ற பிறகே புதிய ஓட்டம் தொடங்கும் என்பதும் சொல்லாமலே பெறப்படுகின்றன. கதைக்கு அந்த விதி இல்லை. 1978-ஆம் ஆண்டின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை இன்று மாலை ஒருவர் பார்க்கலாம். அதே நேரத்தில் அடுத்த அறையில் இன்னொருவர் 2003-இல் வந்ததைப் பார்க்கலாம். ஒன்று ஓடுவதற்காக மற்றொன்று நிற்க வேண்டியதில்லை.

கலாக்டிகாவையே சற்று அணுகிப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கிளென் லார்சன் உருவாக்கிய முதல் தொடர் ஒரே பருவத்தோடு 1979-இல் முடிந்துபோனது. அதில் அப்பல்லோ என்ற போர்விமானியாக நடித்த ரிச்சர்ட் ஹேட்ச், கதை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். அதற்காக நாவல்கள் எழுதினார், முன்னோட்டப் படம் ஒன்றையும் உருவாக்கிக் காட்டினார். 2003-இல் ரொனால்ட் மூர் எழுதிய புதிய கலாக்டிகா அவர் கேட்டபடி பழைய கதையைத் தொடரவில்லை. பழையதில் ஆணாக இருந்த விமானி ஸ்டார்பக் இதில் காரா த்ரேஸ் என்ற பெண். பழையதில் ஊர்வன இனம் ஒன்று படைத்த சைலான் என்னும் பகை எந்திரங்களை இதில் மனிதர்களே படைக்கிறார்கள். அவற்றுள் சில மனித உருவிலேயே நடமாடுகின்றன. ரசிகர்களின் சினம் அன்று சிறிதல்ல. அந்தச் சினத்தை நான் ஒருபோதும் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கதையின் மிச்சத்துக்காகக் காத்திருந்தவர்களின் சினம் அது.

ஆயினும் அந்தப் புதிய தொடர் பழையதை என்ன செய்தது என்று பாருங்கள். அதன் தொடக்கத்தில் கலாக்டிகா, அருங்காட்சியகமாக மாற்றப்படவிருக்கும் ஒரு கிழட்டுக் கப்பல். அங்கே 1978-ஆம் ஆண்டுத் தோற்றத்திலேயே ஒரு சைலான் வீரனைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு விடைகொடுக்கும் சடங்கில் வானூர்திகள் அணிவகுத்துப் பறக்கும்போது ஒலிப்பது பழைய தொடரின் முகப்பிசை. பின்னர் ரிச்சர்ட் ஹேட்ச்சே டாம் சேரக் என்ற சிறைக்கைதியாக வருகிறார். புதிய அப்பல்லோ அவரை நேருக்கு நேர் நின்று எதிர்கொள்கிறான். பழைய அப்பல்லோவும் புதிய அப்பல்லோவும் ஒரே சட்டகத்தில் நிற்கும் அந்தக் காட்சியை 'மறுதொடக்கம்' என்ற சொல்லால் எப்படி விளக்குவது? முன்னதை நினைவில் வைத்திருப்பதால்தான் அந்தக் காட்சிக்குப் பொருளே உண்டாகிறது.

இதற்குரிய சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கிறார். வழிநூலுக்கு அவர் தரும் இலக்கணம் இது: 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்.' முன்னவருடைய அடிப்படை முடிவுகளோடு ஒத்துப்போக வேண்டும். பின்வந்தவர் விரும்பும் வேறுபாடுகளையும் சொல்லலாம். மரபு மட்டும் அழியக் கூடாது. பன்னிரண்டு குடியேற்றங்கள் அழிகின்றன, எஞ்சிய மக்களை ஏற்றிய கப்பல்கள் தளபதி அடாமாவின் தலைமையில் பூமியைத் தேடிப் புறப்படுகின்றன என்பது முடிபு. ஸ்டார்பக் பெண்ணானதும் சைலான் மனித உருக்கொண்டதும் பின்னோன் வேண்டிய விகற்பம். ஆகவே மூலத்தை 'முதற்புனைவு' என்றும், அதை அடியிலிருந்து புதிதாகச் சொல்வதை 'வழிப்புனைவு' என்றும் அழைக்கலாம். மூலத்தின் ஒரு பாத்திரத்தையோ மூலையையோ மட்டும் எடுத்துக்கொண்டு தனிவழியே போகும் தொடர்களுக்குச் 'சார்புப்புனைவு' என்ற சொல்லும் இதே வரிசையில் கிடைத்துவிடுகிறது. 'ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது' என்று சார்புநூலுக்கு நன்னூல் சொல்வது அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

இதற்கு எழக்கூடிய ஒரு வலுவான மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். தொல்காப்பிய மரபியல், தொகுத்தலையும் விரித்தலையும் மொழிபெயர்ப்பையும்கூட வழிநூலின் வகைகளாகக் கொள்கிறது. எனவே வழிப்புனைவு என்றால் மொழிமாற்றப் படமும் நாவல் தழுவலும் அதற்குள் புகுந்துவிடாதா? புகக்கூடும். ஆனால் அவற்றுக்கு மொழிமாற்றம், மறுஆக்கம், தழுவல் என்ற சொற்கள் வழக்கில் வேரூன்றிவிட்டன. ஆகவே புதுச்சொல் தன் எல்லைக்குள் நிற்கும் என்றே நம்புகிறேன். 'மறுபுனைவு' என்று முன்மொழிந்தவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. எழுதும் கைக்கு அது இன்னும் எளிது. ஆனால் 'மறு' என்ற முன்னொட்டு திரும்பச் செய்தலை மட்டுமே காட்டுகிறது. 'வழி' என்பதோ எதன் வழியில் வந்தது என்ற கேள்வியையும் உடன் எழுப்புகிறது. எனக்கு அந்தக் கேள்வி வேண்டும்.

அடுத்தது, காலக்கிளை, அதாவது கதைக்குள்ளேயே காலம் கிளைபிரிவது. பழைய விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் பெயரில் 2009-ஆம் ஆண்டு வெளிவந்த படத்தை வழிப்புனைவு என்று சொல்வது முழுவதும் சரியாகாது, ஏனென்றால் அது பழைய கதைக்குள்ளிருந்தே முளைக்கிறது. 2387-இல் ஒரு விண்மீன் வெடித்து ராமுலஸ் கோள் அழிகிறது; அந்த இழப்பில் வெறிகொண்ட நீரோ என்ற ராமுலஸ்வாசி 2233-க்குத் தூக்கி எறியப்பட்டு, கெல்வின் என்ற கப்பலைத் தாக்குகிறான்; அந்தக் கணத்திலிருந்து வரலாறு வேறு திசையில் பிரிகிறது. கதைநாயகர்களுள் ஒருவனான இளம் ஸ்பாக்கின் தாய் இறப்பதும் அவன் தாயகமான வல்கன் கோள் அழிவதும் அந்தப் பிரிந்த தடத்தில்தான். பனி மூடிய கோளில் தனியே விடப்பட்டு, தன் தாய்நிலம் வானில் நொறுங்குவதைப் பார்த்து நிற்கும், எதிர்காலத்திலிருந்து வந்த முதிய ஸ்பாக், 1966-இல் தொடங்கிய அதே கதையின் ஸ்பாக். லெனார்ட் நிமோயே அவராக நடித்தார். அவருடைய கண்ணில் இரண்டு வரலாறுகளும் இருக்கின்றன. 2017-இல் தொடங்கிய டிஸ்கவரி தொடரில் வல்கன் பத்திரமாக இருப்பதையும், 2020-இல் வந்த பிக்கார்ட் தொடர் ராமுலஸின் அழிவையே தன் கதைக்கு அடித்தளமாகக் கொண்டதையும் பார்த்தவர்கள் மூலத்தடம் அறுபடவில்லை என்பதை அறிவார்கள்.

இங்கே 'தடம்' என்ற சொல்லைத் தெரிந்தே கையாள்கிறேன். கன்டினியூட்டிக்குத் 'தொடர்ச்சி' என்று நம் பட்டியலில் இருக்கிறது. நம் படப்பிடிப்புத் தளங்களில் கன்டினியூட்டி என்றால், முந்தைய காட்சித்துண்டில் சட்டையின் எந்தப் பித்தான் கழன்றிருந்தது, நெற்றிக் காயம் எந்தப் பக்கம் இருந்தது என்பதே பேச்சு. அதற்குத் தொடர்ச்சி போதும். ஐம்பது ஆண்டு நீளும் ஒரு கற்பனை வரலாற்றுக்குக் 'கதைத்தடம்' என்று வேறு சொல் வேண்டும். அப்போது மூலத்தடம், கிளைத்தடம் என்று பிரித்துச் சொல்லவும் இடம் கிடைக்கிறது. 2009-ஆம் ஆண்டுப் படம் கிளைத்தடம்.

உண்மையிலேயே பழையதை விலக்கிப் புதியதை வைத்த நிகழ்வுகளும் உண்டு. 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ் உரிமையாளர்கள் அதுவரை வந்த நாவல்களையும் சித்திரக்கதைகளையும் கதைத்தடத்திலிருந்து நீக்கி, அவற்றுக்கு லெஜண்ட்ஸ் என்று முத்திரையிட்டார்கள். 1991-இல் டிமதி ஸான் எழுதிய நாவலிலிருந்து அவற்றைத் தொடர்ந்து படித்து வந்தவர்களுக்கு அது இழப்புத்தான். வருங்காலத்தில் படமெடுப்பவர்களின் கைகள் கட்டப்படக் கூடாது என்ற காரணம் எனக்குப் புரிகிறது என்றாலும், அந்த இழப்பு அதனால் குறைவதில்லை. இதற்கு 'தடநீக்கம்' என்று கடுமையாகவே பெயரிடலாம். ஆனால் நீக்கப்பட்ட கதைகளுக்குக் கம்பராமாயணப் பதிப்பாசிரியர்களிடமிருந்து ஒரு சொல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கம்பன் வாக்கல்ல என்று தாம் கருதிய பாடல்களை அவர்கள் வீசி எறியவில்லை. 'மிகைப்பாடல்கள்' என்று தலைப்பிட்டுத் தனியே அச்சிட்டார்கள். அதைப் பின்பற்றி 'மிகைக்கதை' என்போம். மிகைக்கதைக்குத் திரும்பி வரும் வழியும் அடைபடவில்லை: ஸான் படைத்த த்ரான் என்ற தளபதி 2016-இல் ரெபல்ஸ் தொடரின் வழியே மூலத்தடத்துக்குள் நுழைந்துவிட்டார்.

1984-இல் வந்த காட்சில்லா படம் 1954-ஆம் ஆண்டின் முதற்படத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, இடையில் வந்த பதினான்கு படங்களையும் நடவாதவையாகக் கொண்டது. இதற்கு 'இடைவிலக்கம்' போதும். 'இடைச்செருகல்' தெரிந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

எனவே பட்டியலில் ரீபூட்டுக்கு நேரே 'வழிப்புனைவு' என்று இட்டு, 'முதற்புனைவின் அடிப்படையை ஏற்று, அதன் கதைத்தடத்தைத் தொடராமல் புதிதாகச் சொல்லப்படும் புனைவு. முதற்புனைவை நீக்குவது இதன் பொருளன்று' என்று விளக்கம் சேர்க்க வேண்டுகிறேன். கிளைத்தடம், தடநீக்கம், இடைவிலக்கம் ஆகியவை தனிப்பதிவுகளாகட்டும். 'மறுதொடக்கம்' கணினிப் பகுதியிலேயே இருக்கட்டும்.

அதை இன்னும் ஆதரிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1989-இல் நின்ற டாக்டர் ஹூ என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் 2005-இல் மீண்டும் வந்தபோது பலரும் அதை மறுதொடக்கம் என்றே குறிப்பிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே பழைய தொடரில் டாக்டரின் துணையாக வந்த சாரா ஜேன் அதே நடிகையின் முகத்தோடு வந்து, தன்னை விட்டுவிட்டுப் போன அதே டாக்டரைக் கண்டுகொள்கிறாள். அது ஒரே கதைத்தடம். அதையும் கலாக்டிகாவையும் ஒரே சொல்லால் குறித்தால், இரண்டில் எது எது என்று நம் வாசகருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

அன்புடன்.