8-ஆம் எண் நெரிக்கிறது, 9-ஆம் எண் கழல்கிறது: என் ஷூ அளவை எப்படிக் கண்டறிவது?

கேள்வி:
வணக்கம். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் செய்யும் வேலை எனக்கு. பல ஆண்டுகளாக 8-ஆம் எண் ஷூவையே அணிந்துவருகிறேன். இப்போது மாலையானால் சுண்டுவிரல் எரிகிறது. அதன் ஓரத்தில் காய்ப்பும் விழுந்துவிட்டது. 9-ஆம் எண்ணுக்கு மாறினால் நடக்கும்போது குதிகால் கழல்கிறது. "போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்று கடையில் சொன்னதை நம்பி மீண்டும் 8-ஐ வாங்கி இரண்டு மாதங்கள் ஆகியும் எரிச்சல் குறையவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
நீங்கள் எழுதியதைப் பார்த்தால், குறை நீளத்தில் இல்லை, அகலத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். பிரிட்டிஷ் முறையில் ஓர் எண் கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும்; விரல்கள் அமரும் இடத்தின் அகலமோ அதைவிட மிகக் குறைவாகவே கூடும். ஆகவே, எண்ணைக் கூட்டும்போது தேவையற்ற நீளம் வந்து சேர்கிறது, தேவையான அகலம் கிடைப்பதில்லை.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஒரு தாளின் மேல் எழுந்து நின்று, வேறொருவரைக் கொண்டு இரு பாதங்களையும் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் பயனில்லை. உடலின் எடை இறங்கும்போதுதான் பாதம் முழுமையாக விரியும். பிறகு ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவி, அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடு எங்கே தகட்டுக்கு வெளியே தெரிகிறதோ, அங்கேதான் ஷூ நெரிக்கிறது.

மறுமொழி 2:
தோல் ஷூ அகலவாக்கில் சிறிது நெகிழும், நீளவாக்கில் நெகிழாது. ஆகவே, கடையில் போட்டுப் பார்க்கும்போதே வலிக்கும் ஷூவை, பின்னர் சரியாகிவிடும் என்று எண்ணி வாங்காதீர்கள். எழுந்து நிற்கையில் மிக நீளமான விரலுக்கு முன்னால் கையின் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பலருக்கு அந்த நீளமான விரல் இரண்டாம் விரலாகவே இருக்கும். பெருவிரலின் அடிமூட்டு ஷூவின் மிக அகலமான பகுதியில் அமர்கிறதா, ஷூவும் அதே இடத்தில் மடங்குகிறதா என்று பாருங்கள். நடுப்பாதத்தில் மடங்கும் ஷூ வேண்டாம். குதிகால் இலேசாக மட்டுமே நழுவினால், கணுக்காலை ஒட்டிய கடைசித் துளைவரை நாடாவைக் கோத்து இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று மாலை வரைந்து பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் இரு பாதங்களிலும் கோடு வெளியே நிற்கிறது; இடது பாதம் வலதைவிட 4 மில்லிமீட்டர் நீளம். அம்மாவுக்கும் வரைந்தேன். அவருக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய், பாதத்தில் உணர்ச்சி குறைவு. இறுக்கமான காலணிதான் பிடிப்பாக இருக்கிறது என்கிறார்.

மறுமொழி 1:
நீளமான இடது பாதத்துக்கே அளவு பாருங்கள். அதே 8-ஆம் எண்ணில் அகலமான வகையைக் கேளுங்கள்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு, அழுத்தினால்தான் காலணி இருப்பதே தெரியும்; அதனால் அவருக்குப் பிடிப்பாகத் தோன்றுவது உண்மையில் நெரிக்கும் அளவாக இருக்கலாம். அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், தாளில் வரைந்த கோட்டை நம்புங்கள். புதிய காலணியை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிவித்து, கழற்றியதும் விரல் இடுக்கு, குதிகால், பாதத்தின் ஓரங்கள் எங்கும் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு முறை அணியும் முன்பும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கல் புண்ணாக்கினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். சிவப்போ கொப்புளமோ கண்டால், அந்தக் காலணியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.