நினைவாற்றல் வகுப்புக்குப் போனால் அறிவு வளருமா?

நாஞ்சில்மகன்:
எங்கள் தெருவில் நினைவாற்றல் வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், மீதியைப் பயிற்சியால் திறக்கலாம் என்கிறார்கள். நான்காவது படிக்கும் மகனைச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைத்துச் சதாவதானம் செய்தாரே, அதுவும் மனித மூளைதானே?

கயல்விழி:
அண்ணா, அந்தப் பத்து சதவீதக் கதையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. பெரும்பகுதி தூங்குகிற உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடாது.

அப்புறம் பயிற்சி. 1980-ல் எரிக்சன், சேஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார்கள். ஒருமுறை கேட்டு ஏழு இலக்கம் சொன்னவர், இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகி 79 வரை போனார். அவர் ஓட்டக்காரர், 3492 என்று கேட்டால், ஒரு மைல் ஓட 3 நிமிடம் 49.2 விநாடி என்று பிடித்து வைத்துக்கொள்வார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறிலேயே நின்றுவிட்டார். பழகியது கூடியது, பொதுவான நினைவாற்றல் கூடவில்லை.

நாஞ்சில்மகன்:
சரி, பத்து சதவீதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் லண்டன் டாக்சி ஓட்டுநர்களை என்ன சொல்வீர்கள்? சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரில் தேறிய 39 பேருக்கு மட்டும் மூளையில் நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. மூளையே மாறியிருக்கிறது!

கயல்விழி:
அதே ஆய்வை முழுதாகப் படியுங்கள் அண்ணா. கோடுகளாலான சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, தேறியவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்று ஏற, இன்னொன்று இறங்கியிருக்கிறது.

ஓய்வு வாத்தியார்:
இருவரும் ஒரு பிள்ளையின் மண்டைக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் அறிவுத்திறன் தேர்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறியிருந்தது. இரண்டு மூன்று தலைமுறையில் மரபணு மாறாது. பள்ளிக்கூடம், சத்துணவு, நோய் குறைந்தது எல்லாம் சேர்ந்த வேலை அது என்பதுதான் நான் ஏற்கும் விளக்கம். ஆனால் அது நிலையான சொத்தும் இல்லை. நார்வேயில் 1975-க்குப் பிறகு பிறந்த ஆண்களிடம் அது இறங்கத் தொடங்கியது, ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிந்தது. தம்பி, பையனுக்கு நல்ல தூக்கமும் முட்டையும் வாசிக்கப் புத்தகமும் கொடுங்கள். மனித அறிவின் எதிர்காலம் ஏதாவது இருந்தால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இவை கிடைப்பதில்தான் இருக்கிறது.

நாஞ்சில்மகன்:
ஐயா, வகுப்புக்கு இன்னும் பணம் கட்டவில்லை, கட்டப்போவதுமில்லை. பாவலரைப் பற்றியும் யோசித்தேன். கேட்ட நொடியில் அவரால் வெண்பா சொல்ல முடிந்ததென்றால், முதலில் தமிழ் அவருக்குள் ஊறிக் கிடந்தது. என் மகன் நாகர்கோவில் பேருந்துகளின் எண்ணையும் தடத்தையும் யாரும் சொல்லித்தராமலே ஒப்பிப்பான், அதைத் தொட்டு வரைபடம் பார்க்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். ஆனால் கயல், பழகினால் மூளை மாறும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.