துணைக் கருதுகோளா, முட்டுக் கருதுகோளா?

பாடப்பணி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான துணைப்பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாடம் இதுதான். யுரேனஸ், நியூட்டனின் ஈர்ப்பு விதிக் கணக்குப்படி ஓடவில்லை. பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நியூட்டனைக் கைவிடவில்லை. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்துகொண்டு இழுக்கிறது என்று வைத்து, அது எங்கே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்ப, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அடுத்து புதன் கணக்கும் உதைத்தது. லெவெரியே 1859இல் அதே வைத்தியத்தைச் செய்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கோள்தான் கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன், புதனின் பாதையில் கணக்குக்கு மிஞ்சி நின்ற, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்ற அந்த உபரி நகர்வைத் தன் பொதுச் சார்பியலிலிருந்தே வரவழைத்துக் காட்டினார்.

ஆங்கில மூலத்தில் நெப்டியூன், வல்கன் இரண்டையுமே ஆக்சிலரி ஹைப்பாதிசிஸ் என்கிறார்கள். பெரிய கோட்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் கருதுகோள். துணைக்கோள் என்று சுருக்கலாம் என்றால் அது நிலாவுக்குப் போய்விட்டது. இதே பாடத்தில் பூமியின் துணைக்கோளும் வருகிறது! யாராவது கைகொடுங்கள்.

வேர்தேடி எழுதியது:

அம்மா, சிக்கல் துணையில் இல்லை, கோளில் இருக்கிறது. கொள் என்ற வினை முதல் நீண்டு கோள் ஆயிற்று. வானத்துக் கோளும் அதுதான், ஊர்வம்பில் சொல்கிற கோளும் அதுதான் என்பது என் கட்சி. 'கோளில் பொறியில்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள், புலன்களைக் 'கொள்கையில்லாத' பொறிகள் என்கிறார். கோளும் கொள்கையும் அங்கே ஒன்றாகவே நிற்கின்றன. கோட்பாடும் கோள் + பாடுதான். ஆக ஹைப்பாதிசிஸும் தியரியும் தமிழில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இன்னொன்று. கருதுகோள் என்ற சொல்லே எனக்கு ஒப்பவில்லை. சைவ சித்தாந்த அளவை நூல்களில் காண்டல், கருதல், உரை என்று வரும். அங்கே கருதல் என்பது அனுமானம். புகையைக் கண்டு நெருப்பைத் துணிவது. ஹைப்பாதிசிஸ் துணிவுக்கு முந்தியது அல்லவா? சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்து வைத்திருக்கிறார்கள். நிறுவுவதற்காக முன்வைக்கும் கூற்றுதான் அங்கே மேற்கோள். அருமையான சொல்! அதை இன்று இரட்டைக் குறிக்குள் போட்டு வீணடித்துவிட்டோம். மீட்டெடுக்க இதுவே தருணம்.

சுண்ணக்கட்டி எழுதியது:

ஐயா, 'லெவெரியேயின் மேற்கோள்' என்று பாடத்தில் போட்டால் பிள்ளைகள் அவர் என்ன சொன்னார் என்று தேடுவார்கள். மீட்டெடுப்பதை அடுத்த தலைமுறைக்கு விடுவோம்.

நான் வகுப்பில் சொல்வது முட்டுக் கருதுகோள். சுவர் சாய்கிறது, முட்டுக் கொடுக்கிறோம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நெப்டியூன் ஒரு முட்டு, வல்கன் ஒரு முட்டு. ஒன்று நின்றது, மற்றது நழுவியது.

அப்புறம், பாடத்தில் கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகி, கோட்பாடு வளர்ந்து விதியாகும் என்று ஒரு ஏணிப்படம் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்த பிள்ளை, 'பரிணாமம் வெறும் கோட்பாடுதானே சார், இன்னும் விதி ஆகலையே' என்று கேட்கிறான். விதி எப்படி நடக்கிறது என்று சொல்லும், கோட்பாடு ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்லும். ஒன்று மற்றொன்றாகப் பதவி உயர்வு பெறுவதில்லை. புதன் விஷயத்தில் தோற்றது நியூட்டனின் *விதி*. வென்றது ஐன்ஸ்டைனின் *கோட்பாடு*. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

திருகோணமலையான் எழுதியது:

அக்கா, எங்கட பக்கம் நிலா உபகோள். ஆகவே துணைக்கோள் எங்களுக்குக் காலியாகத்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்! கோட்பாடு என்பதும் எங்கள் பாடநூலில் கொள்கைதான்: சார்புக் கொள்கை. நீங்கள் கொள்கை என்றால் கட்சிக் கொள்கை என்று விலகுகிறீர்கள். ஆனால் டால்டனுக்கு மட்டும் அணுக்கொள்கை என்றே வைத்திருக்கிறீர்கள். அவர் எந்தக் கட்சி?

வேர்தேடி எழுதியது:

உபகோளில் உப வடமொழி.

திருகோணமலையான் எழுதியது:

சரி ஐயா. 'வடமொழி சேராத் தனித்தமிழ்' என்று இன்னொரு இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

இளவல் எழுதியது:

முட்டு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் எதிர்க்கிறேன். இன்றைய பேச்சில் ஒருவன் தன் தலைவருக்கு முட்டுக் கொடுக்கிறான் என்றால் அது வசவு. சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. வல்கனுக்குப் பொருந்தும், நெப்டியூனை அப்படி அழைக்க மனம் வருமா? வராது. பிறகு மாணவன் என்ன செய்வான்? பலித்ததைத் துணை என்பான், பலிக்காததை முட்டு என்பான். 1846 ஆகஸ்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? ஆளும் அவரே, கணக்கு முறையும் அதே. 1859இல் லெஸ்கார்போ என்ற கிராமத்து வைத்தியர் சூரிய வட்டத்தின் குறுக்கே கரும்புள்ளி ஒன்று நகரக் கண்டேன் என்றார். லெவெரியே நேரிலேயே போய் அவரைக் குடைந்து விசாரித்துவிட்டு நம்பினார். ஏற்கெனவே ஒருமுறை பலித்த முறை அது, நம்பியதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கருதுகோளுக்குப் பெயர் வைக்கும்போது அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்து வைக்கவேண்டும், கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்த்து அல்ல.

எந்தச் சோதனைக்கும் பிடிகொடுக்காமல், கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்கென்றே ஒட்டவைக்கும் ஒன்று இருக்கிறதே, அட் ஹாக் என்பார்கள், முட்டு என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். வல்கன் அந்த வகையே அல்ல. எங்கே, எப்போது பார்க்கலாம் என்று அது சொன்னது. பார்த்தார்கள். இல்லை.

வேர்தேடி எழுதியது:

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கருதுகோள் வினைத்தொகை என்பதைக் கவனித்தீர்களா? கருதிய கோள், கருதுகின்ற கோள், கருதும் கோள். முக்காலமும் அதற்குள் அடக்கம். வல்கன் கருதிய கோள்! இலக்கணமே நம் பக்கம் நின்று சிரிக்கிறது. (கருதலைப் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.)

சுண்ணக்கட்டி எழுதியது:

எடுகோள் என்று வைத்தால்?

திருகோணமலையான் எழுதியது:

அது இங்கே அசம்ஷனுக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. வேண்டாம்.

பாடப்பணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. *துணைக் கருதுகோள்* என்று முழுசாகவே போட்டு அனுப்பிவிட்டேன், எங்கேயும் சுருக்கவில்லை. இளவல் சொன்ன அட் ஹாக் வகை கடைசிப் பத்தியில் ஒரே இடத்தில் வருகிறது, அதற்கு முட்டுக் கருதுகோள். ஏணிப்படம் இருந்தது, எடுத்தாயிற்று. ஹைப்பாதெடிகல் பிளானட் என்று வந்த இடத்தில் 'கருதுகோள் கோள்' என்று எழுதக் கை கூசியது. 'இருப்பதாகக் கருதப்பட்ட கோள்' என்று நீட்டிவிட்டேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

பதிவுக்காக: வகுப்பில் நான் இரண்டையும் முட்டு என்றுதான் சொல்லப்போகிறேன்.

வேர்தேடி எழுதியது:

'கருதப்பட்ட' செயப்பாட்டு வினை, ஆங்கில வாடை. கருதிய கோள் என்றே விட்டிருக்கலாம். அச்சுப்படி திருத்த இன்னும் நேரம் இருக்கிறதா?