இரண்டு இலட்சத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர்: ரைசன் 5600 ப்ராசசரா, 5600ஜியா?

அண்ணாமாருக்கு வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம். கையில் இரண்டு இலட்சம் ரூபா இருக்கிறது. பழைய 1080பி மொனிட்டரே போதும்.

பி550 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு என்பது முடிவு. ஒற்றை 16 என்றால் டூயல் செனல் (இரண்டு ரேமும் சேர்ந்து வேகமாக ஓடுவது) கிடைக்காது. சிக்கல் கிராபிக்ஸ் கார்டில்தான். பாவித்த ஆர்எக்ஸ் 6600 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கிரிப்டோ மைனிங்கில் இராப்பகலாக ஓடியதா என்று கேட்டால் விற்பவர் சிரிக்கிறார். அதை ரைசன் 5 5600 ப்ராசசரோடு வாங்கலாமா? இல்லை, இப்போதைக்கு 5600ஜியின் உள் கிராபிக்ஸில் சமாளித்துவிட்டு, தீபாவளி முற்பணம் வந்ததும் கார்டு போடலாமா? 5600ஜியில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான், 5600இல் 32. பிறகு கார்டு போட்டாலும் அந்தக் குறை போகாதே.

அப்புறம் பவர் சப்ளை. எங்கள் தோட்டத்து லயத்தில் மழை இருட்டினாலே பல்ப் மங்கி மங்கி எரியும். போன முறை கேஸோடு வந்த பெயரில்லாத சப்ளை, ஒரு இடியில் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. கறுத்துப்போன அந்த போர்ட் இன்னும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. 6600 கார்டுக்கு 132 வாட்தான், 550 வாட் ப்ரொன்ஸ் தர சப்ளை போதும்தானே? 650 விஏ யூபிஎஸ் தாங்குமா?

சனிக்கிழமை சாமான் வாங்கக் கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போகிறேன். அதற்குள் சொல்லுங்கள்.