மூன்றாம் கட்சிக்குப் போடும் ஓட்டு வீண்தானா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் இது எனக்கு முதல் ஓட்டு. இருப்பது பென்சில்வேனியா, இரண்டு பெரிய கட்சிகளில் எதன் பக்கமும் சாயக்கூடிய இழுபறி மாநிலம். இரண்டு பெரிய கட்சிகளையும் மனசு ஏற்கவில்லை. மூன்றாவதாக நிற்பவரைத்தான் பிடித்திருக்கிறது.

படித்துப் பார்த்ததில் குழப்பம்தான் கூடியது. 1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ மக்கள் ஓட்டில் கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும், மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் ஓட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2000இல் ஃபுளோரிடாவை புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டில். அங்கே மூன்றாம் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாங்கியதோ 97,000க்கு மேல்! நாடு முழுக்க 5 சதவீதம் எட்டினால் அடுத்த முறை அந்தக் கட்சிக்கு அரசு நிதி உண்டு, அது ஒன்றுதான் ஆறுதல். மெய்ன் மாநிலம் மாதிரி வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் வசதியும் இங்கே கிடையாது. வீட்டில் கேட்டால் "ஓட்டைப் பிரிக்காதே" என்று ஒரே பாட்டு.

இழுபறி மாநிலத்தில் மூன்றாம் கட்சிக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: முடிவு வந்தபின் அந்த ஓட்டு வீண் என்று தோன்றியதா?