புதுப்பிப்பு: வட்டாரப் பத்திரிகையாளர் விருதுக்கு நடுவர்கள் கிடைத்துவிட்டார்கள்

எங்கள் வட்டாரப் பத்திரிகையாளர் விருதுக்கு உள்ளூர்க்காரர்களே நடுவர்களாக இருந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு எழுமே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இங்கே பலர் சொன்ன யோசனைப்படி, வேறொரு வட்டாரத்துப் பத்திரிகையாளர் மன்றத்தோடு பணியை மாற்றிக்கொண்டோம்: எங்கள் படைப்புகளை அவர்களும், அவர்களுடையவற்றை நாங்களும் மதிப்பிடுகிறோம்.

தகுதியான படைப்பு வராத பிரிவில் பரிசை நிறுத்திவைக்கலாமா என்பதில்தான் குழுவுக்குள் இழுபறி நீடித்தது. 2012-இல் அமெரிக்காவின் இதழியல் விருதுகளை வழங்கும் புலிட்சர் குழு தலையங்கப் பிரிவில் யாருக்கும் விருது வழங்காததைச் சுட்டிக்காட்டிய பிறகே அந்த விதி நிறைவேறியது. எனக்கு அதில் முழு உடன்பாடு உண்டு.

சந்தாதாரர்கள் மட்டுமே திறக்கக்கூடிய இணைப்புகளைச் சிலர் அனுப்பியிருந்ததால், வெளியான தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் கோப்பாகக் கேட்டு வாங்கினோம். இப்போது எல்லாம் நடுவர்கள் கையில்.