அரண்மனைக்காரத் தெருவில் ஒரு துப்பறியும் நடை, உதவி வேண்டும்

வணக்கம் மக்களே. மண்ணடி, ராயபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக, சென்னை அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியர் தேவாலய வளாகத்தில் ஒரு துப்பறியும் நடை நடத்தலாம் என்று நண்பர்கள் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். குழுவாகப் பிரிந்து, கல்லறைகளுக்கு நடுவே துப்பு தேடி, தொலைந்துபோன ஒரு அச்செழுத்துப் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. கொலை, பேய் எல்லாம் கிடையாது, நிஜ மனிதர்கள் உறங்கும் இடம் அது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' 1794இல் மதராஸில்தான் வெளிவந்தது, அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோன்யானின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. ஆக எண் பூட்டுக்கு 1794, அடுத்த துப்புக்கு மணிக்கூண்டின் ஆறு மணிகள் என்று பாதி தயார்.

சிக்கல் என்னவென்றால், தரையோடு பதித்த கற்களில் இருக்கும் ஆர்மீனிய எழுத்தை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போட்டோ பார்த்துச் சொல்லக்கூடியவர் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அப்புறம், அனுமதி யாரிடம் எப்படிக் கேட்பது, முன்பு அங்கே நிகழ்ச்சி நடத்தியவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகள் கல்லை மிதித்து ஓடாமல் இருக்க ஏதாவது யோசனை? பழைய அச்சகத்து ஈய எழுத்து ஒரு பிடி யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.